பழைய லோரிகளும் பரிகாசப் பேச்சும்

1935-ஆம் வருஷம் அமெரிக்காவில் பழைய மோட்டார்க் கார்களைப் பேணிக் காப்பதற்கென்று ஒரு கழகம் தோன்றியது. இரண்டு வருஷங்கழித்து, 1937-இல், அதே நோக்கங்கொண்ட மற்றொரு கழகமும் ஏற்பட்டது. ஆனால், லோரிகளின் சரித்திரத்தைப் பேணுவதற்கென்று அமெரிக்க லோரி வரலாற்றுக் கழகம் நிறுவப்பட்டது 1971-இல்தான். காருக்கும் லோரிக்கும் இடையே முப்பத்தாறு வருஷ தூரம்! டெய்ம்லர் என்ற ஜெர்மானியர் முதல் மோட்டார் லோரியைச் செய்தது 1896-இல் என்பதை நோக்கினால், லோரி என்பது காருக்கு மிகவும் பிந்திப் பிறந்த பிள்ளையுமன்று. பின் ஏன் இந்தத் தாமதம்?

காரணம் மிகவும் எளிது. கார் செல்வரின் உடைமை. லோரி உழைப்பாளியின் கருவி. செல்வர் வீட்டுக் கார் பழசானதும் கொட்டகையில் உறங்கிற்று. பேரன் ஒரு நாள் துணியை விலக்கி அதன் அழகைக் கண்டு வியந்தான். லோரிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கம்பெனிக்காரன் உழைப்பை வாங்கிக்கொண்டு சிறு வியாபாரிக்கு விற்பான். அவன் உழைப்பை வாங்கிக்கொண்டு குடியானவனுக்கு விற்பான். குடியானவன் கடைசியில் அதன் எஞ்சினை மட்டும் கழற்றி மரம் அறுக்கும் வாளுக்குப் பூட்டிக்கொண்டு, சட்டத்தை வேலியோரத்தில் தள்ளுவான். அவ்வாறு வேலியோரத்தில் கிடந்தவற்றையும் 1942-இல் யுத்தத்துக்காக நடந்த பழைய இரும்புச் சேகரிப்பு வாரிக்கொண்டு போயிற்று. உழைத்தவனுடைய பெயர் கல்வெட்டில் ஏறாதது போலவே உழைத்த யந்திரமும் காட்சிச்சாலையில் ஏறவில்லை. எஞ்சியது என்னவோ, அவற்றை ஓட்டியவர்களுடைய பேச்சுத்தான். அந்தப் பேச்சே இக்கட்டுரைக்குப் பொருள். கிழவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதற்குச் சரித்திரத்தில் இடமுண்டா என்று அன்பர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்திருந்து நகைக்குமாறு வேண்டுகிறோம்.

பென்சில்வேனியா மாகாணத்தில் மக்கஞ்சி என்றொரு சிற்றூர் உண்டு. வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் அங்குள்ள பூங்காவில் பழைய லோரிகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். அவ்வூருக்கு அருகே ஆலன்டவுன் நகரம். புரூக்லினில் 1900-இல் தொழில் தொடங்கிய மாக் சகோதரர்கள் 1905-இல் தங்கள் தொழிலைப் பெயர்த்துக்கொண்டு வந்த நகரம் அதுவே. ஆகவே மக்கஞ்சி மாக் லோரிக்காரர்களின் தலைநகரம் எனலாம். அங்கே பேச்சுத் தொடங்குவதும் பெரும்பாலும் நாயில்தான்.

நாயின் கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1916-இல் மாக் கம்பெனியார் ஏ.சி. என்ற வகை லோரியை வெளியிட்டனர். சைக்கிளுக்கு உள்ளது போலச் சங்கிலியால் பின் சக்கரங்களைச் சுழற்றும் வண்டி அது. ரேடியேட்டரை எஞ்சினுக்கு முன்னே வையாமல் பின்னே வைத்தமையால், முன்புறம் சப்பை மூக்காகச் சரிந்திருக்கும். முதல் மகாயுத்தத்தில் பிரெஞ்சு நாட்டுச் சேற்றில் இவ்வண்டி உழைத்ததைக் கண்ட ஆங்கிலச் சிப்பாய்கள், அதன் முகத்தையும் பிடிவாதத்தையும் பார்த்து “புல்டாக்” என்று பெயரிட்டார்கள் என்பது மாக் கம்பெனியார் வழிவழியாகச் சொல்லும் கதை. இந்த வகை 1938 வரையில் உற்பத்தியாயிற்று. ஏறத்தாழ 40,000 வண்டிகள். 1932-இல் தலைமைப் பொறியாளர் ஆல்பிரட் மஷூரி, சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது சும்மா இருக்கமாட்டாமல் ஒரு புல்டாக் நாயைச் செதுக்கினார். அந்தச் செதுக்கலே ரேடியேட்டரின் உச்சியில் நிற்கும் உலோக நாயாயிற்று. மறு வருஷம் ஏப்ரல் மாதத்தில் ‘அக்ரான்’ என்ற ஆகாயக் கப்பல் கடலில் விழுந்து 73 பேர் மாண்டபோது, மாண்டவர்களில் மஷூரியும் ஒருவர். நாய் மட்டும் இன்றும் நிற்கிறது. எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சு ஆகிய யாவும் மாக் கம்பெனியின் சொந்த வேலையாயிருந்தால் நாய்க்குப் பொன் முலாம். வேறு கம்பெனிப் பாகம் கலந்திருந்தால் வெள்ளி நிறம். சாதி பார்ப்பது நாயிலும் நுழைந்துவிட்டது போலும்!

இந்தப் பொன் நாயைத்தான் எதிர்க்கட்சியார் முதலில் கடிப்பார்கள். நியூயார்க் மாகாணத்துக் கார்ட்லண்ட் நகரில் பிராக்வே என்ற கம்பெனி 1912 முதல் லோரி செய்துவந்தது. அதன் சின்னமும் நாய்தான். பனியில் வண்டியிழுக்கும் ஹஸ்கி நாய். மாக் கம்பெனியார் 1956-இல் பிராக்வேயை விலைக்கு வாங்கினர். 1977-இல் இழுத்து மூடினர். ஓர் ஊரின் பிழைப்பே அதோடு போயிற்று. ஆகையால் பிராக்வேக்காரர் ஒருவர் மாக்காரரிடம், “உமது நாய் எங்கள் நாயைக் கடித்ததேயன்றி ஓட்டத்தில் வென்றதில்லை” என்னும் பாவனையில் பேசினால், அதைச் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது முழுவதும் சிரிப்பன்று. வேலை இழந்த தந்தையின் கோபம் மகனுடைய நாவில் பரிகாசமாக வடிந்து வருகிறது. இதைப் போன்ற செய்தி கம்பெனிகளின் வருஷாந்திர அறிக்கைகளில் அகப்படாது.

மற்றவர்களும் தப்புவதில்லை. இன்டர்நேஷனல் லோரி வைத்திருப்பவரை, அக்கம்பெனி ஆதியில் கதிர் அறுத்துக் கட்டும் யந்திரம் செய்ததை நினைவூட்டி, “சோளக்கட்டுக்காரரே” என்று அழைப்பார்கள். டெட்ராய்ட் டீசல் கம்பெனியின் இருவீச்சு எஞ்சின் பெருங்கூச்சலிடும், எண்ணெயும் கசியும். “எண்ணெய் ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லையென்று அறிக” என்பது அதைப் பற்றிய பழமொழி. அதை ஓட்டப் புறப்படும் முன் கதவிடுக்கில் கையை வைத்து நசுக்கிக்கொள்ள வேண்டுமாம். அந்தக் கோபத்தோடு மிதித்தால்தான் அது ஓடுமாம். இதில் பரிகாசத்தை நீக்கிப் பாருங்கள்: அந்த எஞ்சினை மெதுவாக உறுமவிடாமல் உயர்ந்த வேகத்திலேயே சுழலவிடவேண்டும் என்னும் உபதேசம் உள்ளே இருக்கிறது. கைப்புத்தகத்தில் படித்தவன் மறந்துவிடுவான். கதவிடுக்கில் நசுங்கிய விரலைக் கேட்டவன் மறக்கமாட்டான்.

உதிரிப் பாகங்களைப் பற்றிய அறிவும் இவ்வாறே பரிகாசத்தின் மடியில் ஒளிந்திருக்கிறது. மாக்காரர் தம் வண்டியின் பாகமெல்லாம் ஒரே கூரையின் கீழ்ச் செய்தவையென்று பெருமை பேசுவார். டயமண்ட் டி லோரிக்காரர், “ஆகவேதான் உமக்கு ஒன்று ஒடிந்தால் ஒரே கடை வாசலில் தவங்கிடக்கிறீர்” என்று திருப்பிக் கொடுப்பார். இந்தச் சொற்போரில் அமெரிக்க லோரித் தொழிலின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அநேக கம்பெனிகள் லோரியைச் ‘செய்ய’வில்லை, ‘கோத்தன’. எஞ்சினை ஹெர்குலஸ், கான்டினென்டல் முதலிய எஞ்சின்காரரிடமும், அச்சை டிம்கன் கம்பெனியாரிடமும் வாங்கி, சட்டத்தில் பூட்டித் தம் பெயரைப் பொறித்துக்கொண்டன. 1917-இல் அமெரிக்க ராணுவத்தார் இதையே ஒரு கொள்கையாக்கி ‘லிபர்ட்டி’ என்ற ஒரே மாதிரி லோரியைப் பதினைந்து கம்பெனிகளைக்கொண்டு 9,000-க்கு மேல் செய்வித்தனர். ஒருவன் செய்த பாகம் மற்றொருவன் செய்த வண்டியில் பொருந்தவேண்டும் என்பதே நோக்கம். ஆகையால், மாண்டுபோன கம்பெனியின் லோரிக்குப் பாகம் தேடி வரும் இளைஞனிடம் முதியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை இது: “முகப்பிலுள்ள பெயரைப் படியாதே, அச்சில் அடித்திருக்கும் எண்ணைப் படி.” பெயர் விளம்பரத்துக்கு, எண்தான் உண்மை. தோட்டத்து ஆபீசில் சாமான் கணக்கு எழுதும் நமக்கு இவ்வார்த்தை தேனாக இனிக்கிறது. ‘லோரிச் சாமான் ஒன்று’ என்று மொட்டையாக எழுதிய பேரேடு எவருக்கும் பயன்படாது.

போர்டு கம்பெனியின் டி.டி. வகையைப் பற்றியும் சில சொல்லவேண்டும். 1917 முதல் 1927 வரை விற்ற ஒரு டன் லோரி அது. பாரதூரமான வண்டிகளை வாங்க வகையற்ற சிறு குடியானவனையும் சிறு கடைக்காரனையும் லோரிக்காரனாக்கியது அதுவே. அதன் வேகம் நாற்சந்திச் சிரிப்புக்கு இடம்: மற்ற வண்டிகளில் ஈ முன் கண்ணாடியில் மோதிச் சாகும், டி.டி.யிலோ பின் கண்ணாடியில் மோதிச் சாகும். ஆனால் அதன் பின்னச்சிலுள்ள வெண்கலப் பற்சக்கரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் மாறும். இக்காலத்துக் கியர் எண்ணெய்கள் சிலவற்றில் கலந்துள்ள கந்தகச் சரக்கு வெண்கலத்தை அரித்துவிடும். ஆகவே நீராவி யந்திர உருளைக்கு ஊற்றும் கெட்டி எண்ணெயையே ஊற்றவேண்டும் என்பார்கள். மற்றொன்று: டி.டி.யின் கால் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதன்று. எஞ்சினோடு சேர்ந்த கியருக்குள் பிடிப்பது. மலையேற உதவுமென்று பலர் எஞ்சினுக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டாவது கியர்ப் பெட்டி ஒன்றைப் பூட்டினர். அந்தப் பெட்டி எந்தப் பல்லிலும் விழாமல் நடுவில் நின்றுவிட்டால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்தது. கால் பிரேக் காலடிப் பலகைக்குச் சமானம். இறக்கத்தில் பல் மாற்றிய எத்தனையோ பேர் இதைத் தாமே கண்டறிந்தார்கள்; சொல்வதற்குத் திரும்பி வந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதியே.

இன்னும் சிறு சிறு மருந்துகள் பல. இக்காலப் பெட்ரோலில் கலந்துள்ள சாராயச் சத்து, பழைய கார்புரேட்டரின் தக்கை மிதவைமேல் பூசிய அரக்கைக் கரைத்துவிடும், மிதவை மூழ்கும், பெட்ரோல் வழியும். ஆறு வோல்ட்டு வண்டி சோம்பேறித்தனமாக எழும்பினால் பாட்டரியைப் பழிக்கவேண்டாம். கடையில் விற்கும் கம்பி பன்னிரண்டு வோல்ட்டுக்குரிய மெலிந்த கம்பி, அதே வேலைக்கு ஆறு வோல்ட்டில் மின்னோட்டம் இருமடங்கு வேண்டுமாதலின் தடித்த கம்பி போடுக. நெடுநாள் கிடந்து இறுகிய எஞ்சினுக்குள் எதை ஊற்றுவது என்பதில் மட்டும் ஒற்றுமையே கிடையாது. மண்ணெண்ணெய் என்பர் சிலர். அசிட்டோனும் தானியங்கிக் கியர் எண்ணெயும் சமபாகம் என்பர் சிலர். சைவ வைணவச் சண்டை போல் நடக்கும். எல்லாரும் ஒத்துக்கொள்வது ஒன்றே: வேறொரு வண்டியில் கட்டி இழுத்து எஞ்சினைப் பலவந்தமாகச் சுழற்றாதே, ஒட்டிக்கொண்ட வால்வு வளையும், நாட்கணக்கில் பொறு.

பரிகாசம் அடியோடு நின்றுபோகும் இடமும் ஒன்றுண்டு. பழைய லோரிச் சக்கரங்களில் ரிம் ஒரே துண்டாக இராது. இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துப் பூட்டியிருக்கும். காற்றடிக்கும்போது பூட்டு சரியாகப் பதியாவிடில் இரும்பு வளையம் பீரங்கிக் குண்டுபோல் பாயும். இவ்வாறு மாண்டவர் பலர். இவற்றிலும் பேதமுண்டு. தனிப் பூட்டு வளையம் உள்ள ரிம், துரு இன்றிச் சுத்தமாக இருந்து, முறை தெரிந்தவர் கையில் அகப்பட்டால், ஆளத்தக்கது. தனி வளையமின்றி இரு பாதிகள் டயருக்குள்ளேயே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஒரு வகை இருக்கிறது. பூட்டு பதிந்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து காண வழியில்லை. அதற்கு ‘விதவையாக்கி’ என்று பெயர். 1980-இல் அமெரிக்கத் தொழிற் பாதுகாப்புத் துறையினர் இத்தகைய ரிம்களுக்கென்று விதி செய்தனர்: டயரைக் கழற்றும் முன் காற்றை முற்றும் இறக்கிவிடவேண்டும், இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்கவேண்டும், அடிப்பவன் நீண்ட குழாயைக் கவ்வவிட்டு விலகி நிற்கவேண்டும். புதியவன் ஒருவன் தான் வாங்கிய லோரியின் படத்தைக் காட்டும்போது, அதன் வர்ணத்தைப் பற்றி நாலு கேலி சொல்லிக்கொண்டிருக்கும் கிழவர் சக்கரத்தைக் கண்டதும், “தம்பி, அந்த ரிம்மைத் தொடாதே, முதலில் மாற்று” என்பார். உயிர் காக்கும் இந்த அறிவு ஏட்டிலும் உண்டு; ஆனால், இரும்பு வளையத்தின் உருவத்தைக் கண்ட மாத்திரத்தில் இன்ன வகையென்று சொல்லும் கண் ஏட்டில் இல்லை.

இங்கே ஒன்று கூற விரும்புகிறோம். கைகண்ட மருந்தை மகனுக்குங்கூடச் சொல்லாமல் செத்துப்போன வைத்தியர்களையும், தொழில் நுட்பத்தைக் குலச் சொத்தாகப் பூட்டி வைத்த கொத்தர்களையும் நாம் அறிவோம். இந்த லோரிக்காரர்களிடம் அந்த வியாதி காணப்படவில்லை. பழிப்பார்கள், சிரிப்பார்கள், ஆனால் கேட்டவனுக்கு விடை தராமல் அனுப்புவதில்லை. ஒரு கழகத்தாருடைய பத்திரிகைக்கு ‘இரட்டைக் கிளட்ச்’ என்றே பெயர். பழைய கியரை மாற்றக் கிளட்சை இருமுறை மிதிக்கவேண்டும் என்பதே பொருள். மாக் லோரிகளில் சிலவற்றுக்கு இரண்டு கியர்த் தண்டுகள் உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் தள்ளவேண்டிய கட்டத்தில், ஸ்டீரிங் சக்கரத்தின் இடைவெளியில் இடக்கையை நுழைத்து ஒன்றைப் பிடித்து, வலக்கையால் மற்றதைப் பிடித்து மாற்றுவார்கள். இதை எழுதி விளக்க முயன்றோம், பாதிதான் விளங்கியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கே முழுதும் விளங்கும்.

அவ்வாறு பார்த்துக் கற்றவர்கள் இப்பொழுது வயது முதிர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் மறைந்தால், கொட்டகை நிறைய உள்ள இரும்பை வாரிசுகள் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். துருவேறிய அந்த வார்ப்பு ஏ.சி. வண்டியின் சங்கிலிப் பல்சக்கரமா, கதிரறுக்கும் யந்திரத்தின் துண்டா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே வாய் மூடிவிட்டது. ஆகவே சமீப காலத்தில் இவர்கள் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் யோசனைகளில் எஞ்சினையும் எண்ணெயையும் சேராதது ஒன்று இருக்கிறது: கொட்டகையிலுள்ள ஒவ்வொரு பாகத்திலும் கம்பியால் ஒரு தகரச் சீட்டைக் கட்டி, அதில் வார்ப்பெண், பொருந்தும் லோரியின் வகை, வருஷம், அதைக் கேட்டு யாருக்கு எழுதவேண்டும் என்பவற்றை, மழை அழிக்காத மையால் இன்றைக்கே எழுதிவிடுக.