நாணயம் காத்த உழவர்



கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடன் எடுக்கப் போகிறவர் முதலில் தேடுவது பணத்தை அன்று. பிணைக்குக் கையெழுத்திடும் ஆளைத்தான். அந்த நேரத்தில் நெருங்கிய உறவினர்கூட ஒதுங்கிக்கொள்வதுண்டு. முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்களுக்காகப் பிணை நின்ற உழவர்களின் வரலாறு ஒன்று கனடா நாட்டில் உண்டு. அவர்களில் முன்னணியில் நின்றவர் ஜேக்கப் யோஸ்ட் ஷான்ட்ஸ். 87 ஆண்டுகள் வாழ்ந்த அந்தப் பெரியவரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

ஷான்ட்ஸ், மெனோனைட் என்னும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர். நெதர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த மெனோ சைமன்ஸ் என்ற பாதிரியார் 1536இல் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகினார். அவரது பெயரால் வழங்குவதே இப்பிரிவு. விவரமறிந்து விசுவாசம் கொண்டவருக்கே ஞானஸ்நானம்; சத்தியப் பிரமாணம் செய்யலாகாது; ஆயுதம் எடுத்து எவரையும் கொல்லலாகாது. இவை அவர்களுடைய கொள்கைகள். இவற்றுக்காகவே அவர்கள் சிறைப்பட்டார்கள், உயிரிழந்தார்கள், நாடு விட்டு நாடு போனார்கள். சுவிட்சர்லாந்திலும் தென்ஜெர்மனியிலும் இருந்தவர்களில் பலர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினர். நெதர்லாந்துப் பிரிவினரின் வழிவந்தவர்கள் பலர் பிரஷ்யா வழியாக, 1789 முதல் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியில் குடியேறினர். அது இன்றைய உக்ரேன்.

ஷான்ட்ஸின் குடும்பம் பென்சில்வேனியாவிலிருந்து கனடாவின் ஒண்டாரியோவுக்கு வந்தது. அங்கு முதலில் வந்த மெனோனைட்டுகளுக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. அவர்கள் விலை கொடுத்து வாங்கிய நிலத்தின்மேல் ஏற்கெனவே அடமானம் இருந்தது. நிலம் கைவிட்டுப் போகும் நிலையில், பென்சில்வேனியாவிலிருந்த அவர்களுடைய மக்கள் கம்பெனி அமைத்துப் பணம் திரட்டி, 1805இல் 60,000 ஏக்கரை வாங்கிக் காப்பாற்றினர். அந்த வட்டாரத்தில்தான், இன்று கிச்னர் எனப்படும் ஊருக்கருகே, 1822இல் ஷான்ட்ஸ் பிறந்தார். பிறர் செய்த உதவியால் நிலைத்த மண் அது என்பதை அவர் மறக்கவில்லை.

அவர் உழவர். மரம் அறுக்கும் ஆலையும் நடத்தினார். பிற்காலத்தில் பொத்தான் செய்யும் தொழிற்சாலையும் வைத்தார். இருமுறை மனைவியை இழந்து, மூன்றாம் முறை மணம் புரிந்து, பெரிய குடும்பத்தைக் காத்தவர். ஐம்பது வயதில், வசதியோடும் நல்ல பெயரோடும் இருந்தார். ஓய்ந்திருக்கலாம், ஓய்ந்திருக்கவில்லை.

அப்போது ரஷ்யாவில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. மெனோனைட்டுகளுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்களித்திருந்த சலுகை முடியப்போவதாக 1870இல் தெரியவந்தது. கட்டாயப் படைச்சேவைச் சட்டம் 1874இல் வந்தது. மூன்று தலைமுறைக்கு மேல் உழுத மண்ணை விட்டுப் போவதா, கொள்கையை விட்டுக்கொடுப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் கலங்கியது. ஏறத்தாழ 18,000 பேர் புறப்பட முடிவு செய்தனர்.

கனடா அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி ஷான்ட்ஸ் 1872இன் இறுதியில், ரஷ்ய மெனோனைட் இளைஞர் பெர்னார்ட் வார்கென்டினுடன், மேற்கேயுள்ள மானிட்டோபா மாநிலத்துக்குச் சென்றார். தாம் கண்டதை எழுதினார். அதை அரசாங்கம் 1873இல் சிறுநூலாக அச்சிட்டுப் பல மொழிகளில் பரப்பியது. அதே ஆண்டில் இடம் பார்க்க வந்த பன்னிரு பிரதிநிதிகளோடும் அவர் மானிட்டோபாவுக்குப் போய்வந்தார்.

ஆசை வார்த்தை சொல்லி ஆள் சேர்த்தவர்களின் கதைகளை நம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊரைப் புகழ்ந்து அழைப்பது எளிது. வந்து இறங்கியவன் தவிக்கும்போது பக்கத்தில் நிற்பதுதான் அரிது. ஷான்ட்ஸ் நின்றார்.

1874 ஆகஸ்டு 1ஆம் நாள் முதற்கூட்டத்தினர் நீராவிப் படகில் வந்து, ரெட் ஆறும் ராட் ஆறும் சேரும் இடத்தில் கரையேறினர். அவர்கள் தங்குவதற்கு, நம் லயங்களைப் போல நீண்ட கொட்டகைகளை ஷான்ட்ஸ் முன்கூட்டியே கட்டுவித்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 7,000 பேர் மானிட்டோபாவுக்கு வந்து சேர்ந்தனர். ஆனால் தொடக்கத்திலேயே வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரை அழித்தது. உணவில்லை, அடுத்த போகத்துக்கு விதையும் இல்லை.

1875இல் கனடா அரசாங்கம் கடன் தர ஒப்புக்கொண்டது. அப்படிக் கொடுத்த தொகை 96,400 டாலர். ஆனால் பிணை வேண்டும் என்றது. ஒண்டாரியோ மெனோனைட் உழவர்கள் பிணை நின்றார்கள். வந்தவர்கள் பேசிய ஜெர்மன் வட்டார வழக்கு வேறு, பழக்கவழக்கம் வேறு. பயிர் மீண்டும் பொய்த்தால் போவது தங்கள் நிலம் என்று தெரிந்தேதான் கையெழுத்திட்டனர். உதவிக் குழுவின் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்து கணக்கைச் சுமந்தவர் ஷான்ட்ஸ்.

வந்தவர்களும் நாணயம் தவறவில்லை. வட்டியில் ஒரு பகுதியை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. மற்றதெல்லாம் செலுத்தப்பட்டு, 1892இல் கடன் தீர்ந்தது. பிணை நின்றவர்கள் நிலத்தை விற்க நேரவில்லை.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் புல்வெளி யாருமற்ற நிலமன்று. அது கிரீ, ஒஜிப்வா பழங்குடியினரும், மெட்டீ மக்களும் வாழ்ந்த மண். பழங்குடியினருடன் அரசாங்கம் 1871இல்தான் ஒப்பந்தம் செய்திருந்தது. ஒருவர் புகலிடம் பெற்றபோது இன்னொருவர் இடம் இழந்தார் என்பதும் வரலாறுதான்.

எழுபது வயதைக் கடந்த பின்னும் ஷான்ட்ஸ் ஓயவில்லை. 1890களில் ஆல்பர்ட்டா மாநிலத்தில் டிட்ஸ்பரி என்ற ஊரில் புதிய குடியேற்றம் அமைய வழிசெய்தார். 1909இல் காலமானார்.

நேயர்களே, ஷான்ட்ஸ் ஒரு போரையும் வென்றவரல்லர். போரே கூடாது என்றவர். 1805இல் தம் முன்னோருக்குக் கிடைத்த கைதூக்கலை, எழுபது ஆண்டுகள் கழித்து வேறொருவருக்குத் திருப்பித் தந்தவர்களில் ஒருவர். நன்றிக்கடனைக் கொடுத்தவருக்கே திருப்பிச் செலுத்த எப்போதும் வாய்ப்பதில்லை. அடுத்து வருகிறவருக்குக் கொடுத்தாலும் அந்தக் கடன் தீரும்.