மறுகாலும் உபரியும்

நீரியலில் தொழில்நெறிப் பிறழ்வு என்றதும் திருத்தப்பட்ட மழையளவு, காசு வாங்கிக்கொண்டு எழுதிய அறிக்கை என்றே நினைக்கப் பழகியிருக்கிறோம். நான் பேச வருவது ஒரு எண்ணைக்கூடத் திருத்தாமல் நடக்கும் பிறழ்வு பற்றி. அது ஒரு சொல்லுக்குள் நடக்கிறது. 'உபரி' என்பது அந்தச் சொல்.

மூலம் திருநாள் மன்னர் காலத்தில், மின்சின் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் கோதையாற்றின் குறுக்கே எழுப்பிய பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகமும் அதை நம்பித்தான். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அணு உலைகளுக்கான நன்னீரை இந்த அணையிலிருந்து எடுப்பதாகவே முதல் திட்டம்.

இதற்குள் இருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பாசனத் திட்டங்களை 75 சதவீத நம்பகத்தன்மையில் வகுக்கிறார்கள். அதாவது நாலு வருஷத்தில் ஒரு வருஷம் தண்ணீர் குறையலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் விவசாயியின் பங்கு எழுதப்படுகிறது. அணு உலைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு எல்லா வருஷமும் தண்ணீர் வேண்டும். இரண்டு பேரும் ஒரே அணையில் கைவைத்தால், பொய்க்கிற வருஷத்தின் பாரம் முழுக்க வயலின் தலையில்தான் விழும். இதைச் சொல்லாமல் 'சராசரி வரத்து, சராசரி உபரி' என்று எழுதினால் எண் சரியாக இருக்கும், அறிக்கை பொய்யாகிவிடும்.

'நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்' என்று நாட்டின் இரு கரைகளிலிருந்தும் புறப்பட்ட மீனவர் பயணம் 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் வந்து சேர்ந்தது. கூடங்குளம் எதிர்ப்பும் அதில் கலந்திருந்தது. போலீஸ் சுட்டது. எட்டே நாளில், மே 9 அன்று, திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. பிறகு பேச்சிப்பாறை கைவிடப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. தண்ணீரின் மூலமே மாறியது. 1989ஆம் வருஷத்துக் காகிதம் மட்டும் மாறவில்லை. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்கலாம் என்றபோதும் அந்த அனுமதிதான் செல்லுபடியானது. உலை அமைவிடம் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவு போட வேண்டியிருந்தது. யாருடைய தண்ணீரைப் பற்றி எழுதினார்களோ, அவர்களுக்குக் காட்டப்படாத அறிவு அது.

எங்க பாட்டா ஒருபோதும் 'உபரி' என்று சொல்லிக் கேட்டதில்லை. குளம் நிறைந்தால் "மறுகால் பாயுது" என்பார். சின்ன வயசில் ஒருமுறை, மிச்சத் தண்ணி எல்லாம் வீணாப் போகுதே என்றேன். "மிச்சம்னு எவம்லே சொன்னான்? அடுத்த கொளத்துக்காரனுக்கு அதுதாம்லே மொதத் தண்ணி" என்றார். மறுகால் என்ற சொல்லுக்குள் கீழே ஒருவன் காத்திருக்கிறான். உபரி என்ற சொல்லில் யாருமே இல்லை.

இதைச் சொல்லி நாஞ்சில் நாட்டுப் பெருமை பேசிவிட முடியாது. தோவாளைக் கால்வாயின் தொடர்ச்சியாக இராதாபுரம் தாலுகாவுக்கும் இதே அணைத் தண்ணீர் போகிறது. கூடங்குளமும் அந்தத் தாலுகாதான். அங்குள்ள வறண்ட வயல்காரன் தண்ணீர் கேட்கும்போது, 'எங்க தேவை போக உபரி இருந்தால்தான்' என்று சொல்வது நாம்தான். தில்லியிடம் நாம் மறுத்த அதே சொல்லை, கீழ்மடைக்காரனிடம் நாமே எடுத்து நீட்டுகிறோம். பாட்டாவும் இராதாபுரத்துக்காரனை அடுத்த குளத்துக்காரனாக நினைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே நீரியலாளனிடம் நான் கேட்பது பெரிய அறம் ஒன்றுமில்லை. உபரி என்று எழுதுகிற இடத்தில் எந்த மாதத்தில், எந்த வருஷத்தில், யாருக்குப் போக மிச்சம் என்பதையும் எழுதட்டும். அதைக் கடைமடையில் நின்று, அங்கே இருக்கிறவனுக்கு விளங்குகிற மொழியில் வாசித்துக் காட்டட்டும். அங்கே வாசிக்க முடியாத கணக்கில் அவன் கையெழுத்துப் போடக்கூடாது.