வெளியில் வாழ்ந்த ஜானகி

வில்லியனூர், பாகூர் பக்கம் கரும்பு வெட்டும் பெண்கள் காலையிலிருந்து வெட்டவெளியில்தான் நிற்கிறார்கள். அவர்களை 'இயற்கையை நேசித்தவர்' என்று யாரும் எழுதுவதில்லை. படித்த பெண்ணொருத்தி காடு மேடு அலைந்தால் அது நேசமாகிவிடுகிறது. அவர் இறந்தபின் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியும் விடுகிறது. தாவரவியலாளர் ஜானகி அம்மாளை அப்படி அடக்க முடியாது. அவருக்கு வெளிதான் ஆய்வுக்கூடம், ஓய்வுக்குப் பிறகும்.

1897இல் தலைச்சேரியில் பிறந்தார். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். கிறித்தவ மகளிர் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைக்க, கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு 1924இல் அமெரிக்காவின் மிச்சிகனுக்குக் கப்பலேறினார். 1931இல் அங்கே டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

நம் பக்கத்து விவசாயிகள் கரும்பு ரகங்களைக் 'கோ' என்று தொடங்கும் பெயரால் சொல்வார்கள். அந்தக் 'கோ' கோயம்புத்தூர். 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், தடித்த இனிப்புக் கரும்போடு ஆற்றங்கரைப் பேய்க்கரும்பைக் கலந்து, நம் மண்ணைத் தாங்கி நிற்கும் ரகங்களை உருவாக்கினார்கள். யாரும் மதிக்காத அந்தக் காட்டுப்புல்லில்தான் உறுதி இருந்தது. 1934இல் அங்கே சேர்ந்த ஜானகி, கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். ஆண்கள் நிறைந்த நிலையத்தில், தீயர் சாதியில் பிறந்த, மணமாகாத பெண் அறிவியலாளராக இருப்பது எளிதாக இருக்கவில்லை.

1939இல் இங்கிலாந்து போனார். போர்க்காலம் முழுவதும் அங்கேதான். 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்கிசின் கொடுத்து குரோமோசோம்களைப் பெருக்கினார். கால்கிசின் நமக்கு அந்நியமானதல்ல, நம் வேலியோரச் செங்காந்தளிலும் இருக்கிறது. அந்த மக்னோலியா ரகம் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நேரு அழைத்ததால் 1951இல் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லிக் காடுகளை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். அந்த வட்டாரத்தில் இருந்ததே அந்த ஒரு மரம்தான். போய்ப் பார்த்தால், எரித்திருந்தார்கள். இதை டார்லிங்டனுக்குக் கடிதத்தில் எழுதினார்.

1955இல் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதர் மாற்றுவது பற்றிய மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். தன் பிழைப்புக்காகவே பயிரிடும் இந்திய வேளாண்மை பற்றிப் பேசினார். தாய்வழிச் சமூகங்களில் குடும்பச் சொத்தையும் செடிகொடிகளையும் பேணுபவர்களாகப் பெண்கள் மதிக்கப்படுவதையும் சுட்டிக்காட்டினார். என் வாசிப்பில் அவருடைய ஆகப் பெரிய காரியம் இதுதான். 'மனிதர்' என்ற சொல் ஆண்களை மட்டுமே குறித்த அரங்கில், செடியைக் காப்பாற்றிய கைகள் யாருடையவை என்று அவர் சொன்னார். ஆனாலும் கரும்பு வெட்டும் பெண்ணின் வெளியும் இவருடைய வெளியும் ஒன்றல்ல. இவருக்குத் தேர்வு இருந்தது.

1970 முதல் சென்னைக்கு வெளியே மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில் தங்கினார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மூலிகைத் தோட்டம் போட்டார், பூனைகள் வளர்த்தார், கட்டுரைகள் எழுதினார். 1977இல் பத்மஸ்ரீ வந்தது. தனியாக வாழ்ந்த கிழவி என்று இரக்கப்படுபவர்கள் அந்த நாட்களின் வேலையைப் பார்க்க வேண்டும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டப்போகிறார்கள் என்றதும், எண்பது வயதுக்கு மேல், மூழ்கவிருந்த காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கத் திட்டமிட்டார்.

1983இல் அந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் ஜானகி இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.