நீரிழிவு உடையோரின் உடற்பயிற்சித் தீவிர வரம்பை அளத்தல்

பயிற்சியின் பளு படிப்படியாகக் கூடும்போது உடலின் எதிர்வினை ஒரே சீராகக் கூடுவதில்லை. ஓரளவு வரை தசைகள் வெளிவிடும் லாக்டேட்டை இதயமும் கல்லீரலும் பிற தசைகளும் உடனுக்குடன் எடுத்துப் பயன்படுத்திவிடுகின்றன. அதனால் இரத்தத்தில் அதன் அளவு ஓய்வுநிலையை ஒட்டியே நிற்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் வரத்து மிஞ்சி, அளவு ஏறத் தொடங்குகிறது. இதுவே முதல் வரம்பு. பளுவை மேலும் கூட்டினால், லாக்டேட் எங்கும் நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போகும் இரண்டாம் வரம்பு வருகிறது. முதல் வரம்புக்குக் கீழே நெடுநேரம் பயிற்சி செய்யலாம். இரண்டாவதற்கு மேலே அப்படி நெடுநேரம் தாக்குப்பிடிப்பது கடினம்.

இந்த வரம்புகளை அளக்கும் முறை விளையாட்டு வீரர்களுக்காகப் பிறந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் கார்ல்மன் வாசர்மனும் மால்கம் மெக்கில்ராயும் 1964இல் இதைப் பற்றி எழுதியது இதய நோயாளிகளை முன்னிட்டே. நீரிழிவு உடையோருக்கு இதன் பயன் இன்னும் நேரடியானது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி என்பது இன்று எல்லா வழிகாட்டல்களிலும் உள்ள அறிவுரை. எது மிதமானது என்பதுதான் கேள்வி. ஒருவருக்கு மிதமாக இருக்கும் நடைவேகம், உடல்திறன் குன்றிய இன்னொருவரை முதல் வரம்புக்கு மேலே தள்ளிவிடும். வகை 2 நீரிழிவு உடையோரின் உச்ச ஆக்சிஜன் நுகர்வு, அதே வயதும் எடையும் உள்ள பிறரைவிடச் சராசரியில் குறைவு என்பதால் இந்த வேறுபாடு பெரிதாகவே இருக்கும்.

நடைமுறையில் மிகுதியாகப் பயன்படுவது இதயத்துடிப்பு. உச்சத் துடிப்புக்கும் ஓய்வுத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியில் 40 முதல் 59 விழுக்காடு வரை மிதமான தீவிரம் என்று கொள்கிறார்கள். உச்சத் துடிப்பை அளக்காமல் 220இலிருந்து வயதைக் கழித்துப் பெறுவதும் வழக்கம். நீரிழிவில் இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காட்டலாம். 60 வயதான ஒருவருக்குச் சூத்திரப்படி உச்சம் 160. இதயத்தின் தன்னியக்க நரம்புகள் சிதைந்திருப்பதால் அவருடைய ஓய்வுத் துடிப்பு 100 ஆக உயர்ந்திருக்கிறது. முழு முயற்சியிலும் துடிப்பு 125ஐத் தாண்டுவதில்லை. 50 விழுக்காட்டுத் தீவிரத்துக்குச் சூத்திரம் தரும் இலக்கு 130. அதாவது அவர் எட்டவே முடியாத ஓர் எண்ணை ‘மிதமான பயிற்சி’ என்று எழுதிக் கொடுத்ததாகிறது. பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவர்களிடமும் துடிப்பு உண்மையான உழைப்பைக் காட்டாது. நரம்புச் சிதைவும் இரத்த அழுத்த மருந்தும் நீரிழிவில் சாதாரணம் என்பதால், சூத்திரத்தால் பெற்ற துடிப்பு விழுக்காட்டை மட்டும் நம்பி இவர்களுக்குப் பயிற்சி பரிந்துரைப்பது ஏற்கத்தக்கதன்று.

இரத்த லாக்டேட்டை நேரடியாக அளப்பது இதற்கு மாற்று. சோதனைச் சைக்கிளில், எடுத்துக்காட்டாக 3 நிமிடத்துக்கு ஒருமுறை 15 வாட் வீதம் பளுவைக் கூட்டி, ஒவ்வொரு படியின் முடிவிலும் காதுமடலிலோ விரல்நுனியிலோ ஒரு துளி இரத்தம் எடுக்கப்படுகிறது. இந்தத் துளியை எடுப்பதில்தான் பிழை நுழைகிறது. வியர்வையில் லாக்டேட் இரத்தத்தைவிடச் செறிவாக இருக்கும். தோலைத் துடைத்து உலர்த்தாமல் குத்தினாலோ, முதல் துளியை ஒற்றியெடுத்துவிட்டு அடுத்ததைப் பயன்படுத்தாவிட்டாலோ, வரம்பே இல்லாத இடத்தில் வரைபடம் ஓர் ஏற்றத்தைக் காட்டிவிடும்.

அளந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. லிட்டருக்கு 4 மில்லிமோல் என்ற நிலையான அளவு 1970களில் விளையாட்டு மருத்துவத்தில் வேரூன்றியது. நீரிழிவுக்கு இது பொருந்தாது. வகை 2 நீரிழிவில் ஓய்வுநிலை லாக்டேட்டே சற்று உயர்ந்திருக்கக்கூடும். மெட்ஃபார்மின் அதை மேலும் கொஞ்சம் உயர்த்தும். தொடங்கும் இடமே மாறிவிட்ட ஒரு கோட்டில், எல்லோருக்கும் ஒரே உயரத்தில் குறியிடுவதற்கு உடலியங்கியல் அடிப்படை இல்லை. வளைவு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொருவருக்கும் தனியே பார்ப்பதே முறை. 30 நிமிடம் மாறாப் பளுவில் பயிற்சி செய்வித்து, 10ஆவது நிமிடத்துக்குப் பின் லாக்டேட் 1 மில்லிமோலுக்கு மேல் ஏறாத உச்சப் பளுவைக் கண்டறிவது இரண்டாம் வரம்புக்கு உரைகல்லாகக் கருதப்படுகிறது. பல நாள் வருகையும், ஒவ்வொரு முறையும் தாழ்சர்க்கரை அபாயமும் அதில் உள்ளதால், அது ஆய்வுக்கூடத்துக்கு உரியதாகவே இருக்கிறது.

குருதி வேண்டாத வழி மூச்சுக்காற்றுப் பகுப்பாய்வு. ஆக்சிஜன் நுகர்வுக்கு எதிராகக் கரியமில வாயு வெளியீட்டை வரைந்தால் முதல் வரம்பில் கோட்டின் சாய்வு கூடுகிறது. பீவரும் வாசர்மனும் விப்பும் 1986இல் இந்த முறையை வகுத்தனர். வகை 2 நீரிழிவில் பளு கூடிய பின் ஆக்சிஜன் நுகர்வு உயரும் வேகம் தாமதப்படுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பளுவை விரைவாகக் கூட்டினால் அளவீடு உடலுக்குப் பின்தங்கி, வரம்பு தவறான வாட்டில் விழும். படிகள் சிறியனவாக இருப்பது இவர்களுக்குக் கட்டாயம்.

நீரிழிவுக்கே உரிய ஒரு முறை பிரேசிலில் வளர்ந்தது. எர்பெர்ட் சிமோயிஸும் உடனாய்வாளர்களும் 1999இல் ஓட்டக்காரர்களிடம் இரத்தச் சர்க்கரையைக் கொண்டு வரம்பைக் கண்டறியலாம் என்று காட்டினர். பின்னர் பிரேசில் ஆய்வாளர்கள் இதை வகை 2 நீரிழிவு உடையோரிடமும் சோதித்தனர். குறைந்த பளுவில் கல்லீரல் விடுவிப்பதைவிடத் தசை எடுத்துக்கொள்வது மிகுதி, ஆகவே சர்க்கரை இறங்குகிறது. வரம்பைத் தாண்டியதும் அட்ரினலினும் குளுகாகானும் கல்லீரலைத் தூண்ட, அது மீண்டும் ஏறுகிறது. மிகத் தாழ்ந்த புள்ளி லாக்டேட் வரம்பை ஒட்டியே அமைகிறது. சர்க்கரைமானி வீட்டுக்கு வீடு இருக்கும் காலத்தில் இது கவர்ச்சியான யோசனை.

ஆனால் அந்த மானியின் துல்லியமே இதற்குத் தடை. ஐஎஸ்ஓ 15197 என்ற 2013ஆம் ஆண்டுத் தரநிலை, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 விழுக்காடு வரை பிழையை அனுமதிக்கிறது. 180 காட்டும் மானியில் 27 மில்லிகிராம் இப்பக்கமோ அப்பக்கமோ பிசகலாம். அடுத்தடுத்த படிகளுக்கிடையே தேட வேண்டிய ஏற்ற இறக்கம் இந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். தோலடி உணர்விகளோ இரத்தத்தைச் சில நிமிடங்கள் பின்தங்கியே தொடர்கின்றன. ஆய்வகப் பகுப்பி இல்லாமல் இம்முறையை நம்ப முடியாது.

மருந்தும் உணவும் அடுத்த சிக்கல். சல்போனைல்யூரியாவோ இன்சுலினோ செயல்படும் நேரத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போய், தாழ்புள்ளி தோன்றாமலே சோதனை முடியலாம். வகை 1இல் இந்தத் தடுமாற்றம் முழுமையானது. நலமாக உள்ளவரிடம் பயிற்சி தொடங்கியதும் கணையம் இன்சுலினைக் குறைக்கிறது. ஊசியில் ஏற்றிய இன்சுலினோ அப்படிக் குறைவதில்லை. ஆகவே மிதமான பயிற்சியில் சர்க்கரை சரிகிறது. கடும் பயிற்சி முடிந்தபின் சுரக்க வேண்டிய கூடுதல் இன்சுலினும் இல்லாததால் உயர்ந்த சர்க்கரை உயர்ந்தே நிற்கிறது. வகை 1இல் வரம்பை லாக்டேட்டாலோ மூச்சாலோ அளப்பதே தகும். சர்க்கரை அங்கே பாதுகாப்புக்காகக் கண்காணிக்கப்பட வேண்டியது.

உணர்வு அளவை எளிதானது. குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையான அளவுகோலில் முதல் வரம்பு பெரும்பாலும் 11க்கும் 13க்கும் இடையில் விழுகிறது. தடையின்றிப் பேச முடியாமல் போவதும் ஏறத்தாழ அங்கேதான். இருப்பினும் வகை 2 நீரிழிவு உள்ள பெண்கள் அதே பளுவில் பிறரைவிடக் கூடுதல் சிரமத்தை உணர்வது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. பொதுச் சராசரி எண்ணைக் கொடுத்தால் அவர்கள் தேவையைவிட மெல்ல நடப்பார்கள்.

ஆகவே ஆய்வக அளவீட்டையும் உணர்வு அளவையையும் இணைப்பதே சரியான வழி. ஒருமுறை ஆய்வகத்தில் லாக்டேட் அல்லது மூச்சு வழியாக முதல் வரம்பை அளந்து, அந்தப் படியில் பயிற்சி செய்பவர் சொன்ன போர்க் எண், பேச்சின் தெளிவு, அப்போதைய துடிப்பு மூன்றையும் அவருக்கே உரிய குறியீடுகளாக எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வரம்பைக் காண உச்ச முயற்சி தேவையில்லை என்பது இங்கே பெரும் நன்மை: விழித்திரையில் புது இரத்தக்குழாய்கள் முளைத்திருப்பவரையோ இதய அடைப்பு ஐயம் உள்ளவரையோ உச்சத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. அவர்களுக்கும் கண், இதயப் பரிசோதனைக்குப் பின்னரே சோதனை. பாத உணர்ச்சி குன்றியவருக்கு டிரெட்மில்லைவிடச் சைக்கிள் ஏற்றது. வழக்கமான மருந்துகளை எடுத்த நிலையில், அவர் அன்றாடம் பயிற்சி செய்யும் அதே வேளையில் அளப்பது நல்லது. அறிக்கையில் கடைசி உணவின் நேரம், மருந்தின் பெயரும் அளவும், படியின் நீளம் ஆகியவை இடம்பெற வேண்டும். பீட்டா தடுப்பு மருந்து தொடங்கினாலோ நிறுத்தினாலோ துடிப்புக் குறியீடு செல்லாது; சில மாதப் பயிற்சிக்குப் பின் வரம்பே மேலே நகர்ந்திருக்கும். இரு நிலைகளிலும் மறு அளவீடு தேவை.