முத்தம் தாங்காத கடிதம்

இரண்டாம் உலகப் போரில் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய அமெரிக்கச் சிற்றூர் வீடுகளில், பழைய பெட்டியைத் திறந்தால் உள்ளங்கை அளவில் சில கடிதங்கள் கிடைக்கும். போட்டோ தாள், பொடி எழுத்து. வி-மெயில் என்று பெயர். 'வி' வெற்றியைக் குறிக்கும். ஆனால் அதைப் பிறப்பித்தது கப்பலின் இடநெருக்கடிதான்.

கதை ஒரு வங்கியில் தொடங்குகிறது. காசோலைகளைப் படமெடுத்துச் சேமிக்க, 1920களில் நியூயார்க் வங்கிக்காரர் ஜார்ஜ் மெக்கார்த்தி ஓர் இயந்திரம் செய்தார். கோடாக் நிறுவனம் அதை வாங்கி ரெக்கார்டாக் என்று விற்றது. மத்திய தரைக்கடல் வழி அடைபட்டு, எகிப்திலிருந்த படைகளுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றித் தபால் போன நிலையில், பிரிட்டன் 1941இல் அந்த நுட்பத்தைக் கடிதத்துக்குத் திருப்பியது. அமெரிக்கா 1942 ஜூன் 15இல் பின்தொடர்ந்தது.

தபால் நிலையத்தில் தாள் இலவசம். ஒரு பக்கம்தான் எழுதலாம். தணிக்கைக்காரர் படிப்பார், இயந்திரம் 16 மி.மீ. பிலிமில் பிடிக்கும், பிலிம் சுருள் விமானத்தில் கடல் கடக்கும். அங்கே அச்சிட்டுச் சிப்பாயிடம் கொடுப்பார்கள். பிலிம் சேர்ந்த செய்தி வரும்வரை மூலத்தை வைத்திருப்பார்கள். விமானம் விழுந்தாலும் கடிதம் பிழைக்கும். செய்தி வந்ததும் மூலத்தை அழித்துவிடுவார்கள். ஆக, அம்மா தொட்டு எழுதிய தாள் மகன் கைக்குப் போகவே போகாது.

1,50,000 கடிதங்களுக்கு 37 மூட்டை வேண்டும். பிலிமாக்கினால் ஒரே மூட்டை. 2,575 பவுண்டு 45 பவுண்டாகச் சுருங்கியது. அரசுக்கு இந்தக் கணக்கு போதும்.

வீட்டுக்காரர்களுக்குப் போதவில்லை. சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, காபிக்கும் வந்தது, கொல்லையில் காய்கறி போட்டோம், தம்பி வளர்ந்துவிட்டான் என்று ஊர்க்கதை எழுத ஒரு பக்கம் எம்மாத்திரம்? உள்ளே நாளிதழ்த் துண்டு வைக்க முடியாது. உதட்டுச் சாயத்தோடு முத்தமிட்டு அனுப்பினால் சாயம் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொல்லைக்குச் 'செங்கொள்ளைநோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காசோலைக்குப் பிறந்த இயந்திரம் முத்தத்தை எங்கே கண்டது!

போஸ்டர் ஒட்டி, விளம்பரம் செய்து, இதுவே தேசபக்தி என்றும் சொல்லிப் பார்த்தார்கள். கோடிக்கணக்கில் வி-மெயில் போனது உண்மைதான். ஆனாலும் 1944இல் அமெரிக்கக் கடற்படையினருக்கு வந்த வி-மெயில் 3.8 கோடி, பழைய பாணியில் உறையிலிட்டு ஒட்டி வந்த கடிதங்கள் 27 கோடிக்கும் மேல். போர் முடிந்ததும், 1945 நவம்பர் 1இல், வி-மெயிலை நிறுத்திவிட்டார்கள்.