இங்க் மிச்சம் பிடித்த கதை

மலர்க்குழு நண்பன் போன் செய்தான். "கட்டுரை ரெண்டு பக்கத்துக்குள்ள இருக்கணும்டா. கொஞ்சம் மீறினா பரவாயில்ல, எழுத்தைச் சின்னதாக்கி அடக்கிடலாம்" என்றான். சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் எழுத்தைச் சின்னதாக்குவது என்ற விஷயத்தில் எனக்குச் சூடுபட்ட அனுபவம் ஒன்று உண்டு. எழுதுவதற்கு வேறு என்னவோ யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு இதையே எழுதுகிறேன்.

2010-ல் நம் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்த இங்க்ஜெட் பிரிண்டர் நினைவிருக்கும். கடைசி வருட புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காக நாலு பேர் சேர்ந்து வாங்கியது. புது கார்ட்ரிட்ஜ் வாங்கக் கட்டுப்படியாகாது. மெடிக்கல் ஷாப்பில் சிரிஞ்ச் வாங்கி வந்து, கார்ட்ரிட்ஜின் தலையில் ஓட்டை போட்டு, பாட்டில் இங்க்கை ஏற்றுவோம். பாதி உள்ளே போகும், மீதி கட்டில் விரிப்பில். கைட் ஒவ்வொரு முறை திருத்தம் சொல்லும்போதும் நாங்கள் கவலைப்பட்டது தீர்மானங்களைப் பற்றியல்ல, இங்க்கைப் பற்றி. எந்த எழுத்துரு குறைவாக இங்க் குடிக்கும் என்ற ஆராய்ச்சியை அப்போதே தொடங்கிவிட்டோம். விதிமுறைத் தாளோ டைம்ஸ் நியூ ரோமன்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டது. ஆராய்ச்சி அதோடு நின்றது.

நான்கு வருடம் கழித்து, 2014 மார்ச் மாதத்தில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுவீர் மிர்சந்தானி என்ற 14 வயதுப் பள்ளி மாணவன் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு முறையாக விடை கண்டுபிடித்திருந்தான். ஆசிரியர்கள் கொடுக்கும் அச்சுத்தாள்களில் அதிகம் வரும் e, t, a, o, r என்ற ஐந்து எழுத்துகளை எடுத்தான். கேரமாண்ட், டைம்ஸ் நியூ ரோமன், செஞ்சுரி காதிக், காமிக் சான்ஸ் என்று நான்கு எழுத்துருக்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு மை பிடிக்கிறது என்று மென்பொருளால் அளந்தான். அதோடு விடவில்லை. எழுத்துகளைப் பெரிதாக்கி, அட்டையில் அச்சிட்டு, கத்தரித்து, தராசில் நிறுத்தும் பார்த்தான். என்னைக் கவர்ந்தது இந்தத் தராசுதான். நம் லேபில் யாருக்கும் தோன்றாத யோசனை.

முடிவு: கேரமாண்டுக்கு மாறினால் அவனுடைய பள்ளி மாவட்டத்துக்கு மையில் 24 சதவீதம், வருடத்துக்கு 21,000 டாலர் மிச்சம். பிறகு அரசாங்கத்துக்கும் கணக்குப் போட்டான். மத்திய அரசின் வருடாந்திர மைச் செலவு 46.7 கோடி டாலர் என்ற மதிப்பீட்டை வைத்துக்கொண்டு, அதில் 13.6 கோடி மிச்சமாகும், மாநில அரசுகளும் சேர்ந்தால் இன்னும் 23.4 கோடி என்றான். கூட்டினால் 37 கோடி. பத்திரிகைகள் அதை 40 கோடியாக்கிக்கொண்டன. தலைப்புக்கு முழு எண் அழகு.

அப்போது நான் கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆலோசனைப் பெட்டியில் எதையாவது போட்டுப் பேர் வாங்கும் வயசு. மிஷின் பக்கத்தில் ஒட்டும் வேலைக்குறிப்புத் தாள்கள் எல்லாவற்றையும் கேரமாண்டுக்கு மாற்றலாம் என்று எழுதிப் போட்டேன். ஒப்புதலும் வந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஒரே வாரத்தில் தாள்களை எல்லாம் மாற்றினேன்.

மூன்றாம் வாரம் ராத்திரி ஷிப்டில் ஒரு ஆபரேட்டர் 0.3 என்பதை 0.8 என்று படித்துவிட்டார். 16 பீஸ் ஸ்கிராப். அவரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். திட்டு வாங்க வேண்டியவன் நான். அங்கே அப்போது இருந்த ஒரு மூத்த இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங் தம்பி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதே, முன்ன இப்படி இல்லையே?"

"அதே 12 பாயிண்ட்தாங்க அண்ணா. எழுத்துரு மட்டும்தான் மாத்தினேன்."

"அளந்து பாத்தீங்களா?"

அளக்கவில்லை. நான் இன்ஜினியர், அதுவும் அளவுக்கருவிகளோடு வேலை பார்ப்பவன். அவர் வெர்னியர் காலிப்பரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு எழுத்துருக்களிலும் 72 பாயிண்டில் x என்ற எழுத்தை அடித்து அளந்தேன். டைம்ஸில் உயரம் சுமார் 11.4 மில்லிமீட்டர். கேரமாண்டில் சுமார் 9.8. விகிதம் 0.86. மை பிடிப்பது பரப்பளவு, அதனால் அதை வர்க்கப்படுத்த வேண்டும்: 0.74. அதாவது 26 சதவீதம் குறைவு. மாணவன் கண்ட 24 சதவீதம் கிட்டத்தட்ட முழுவதும் இதிலேயே வந்துவிடுகிறது! கேரமாண்ட் மையைச் சிக்கனம் செய்யவில்லை, எழுத்தே சின்னது. டைம்ஸ் நியூ ரோமனையே 10 பாயிண்ட் சொச்சத்தில் அடித்தால் அதே மிச்சம் கிடைக்கும்.

ஒரே பாயிண்ட் என்றால் ஒரே அளவு இல்லையா என்று கேட்கலாம். இங்கேதான் பழைய அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஈய எழுத்துக் காலத்தில் பாயிண்ட் என்பது எழுத்தின் உயரமல்ல, அதைச் சுமக்கும் ஈயக் கட்டையின் உயரம். அதன் தலையில் முகத்தைப் பெரிதாகவும் வெட்டலாம், சிறிதாகவும் வெட்டலாம். பெட்டியின் அளவை வைத்து உள்ளே இருக்கும் மிட்டாயின் அளவைச் சொல்வது போல. ஈயம் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கட்டை கூடவே வந்துவிட்டது.

16-ஆம் நூற்றாண்டுப் பாரீஸின் க்ளோத் கேரமாண்ட் பாணி எழுத்துகளில் மேல்கொம்பும் கீழ்வாலும் நீளம், நடு உடம்பு சிறிது. (வேர்டில் வரும் கேரமாண்ட் உண்மையில் ழான் ஷானோன் என்ற பிற்காலத்தவரின் எழுத்தைப் பார்த்துச் செய்தது. அந்த ஆள்மாறாட்டத்தை 1926-ல் பியட்ரிஸ் வார்ட் என்ற பெண்மணி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அது தனிக் கதை.) டைம்ஸ் நியூ ரோமனோ 1932-ல் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக ஸ்டான்லி மாரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டன்ட் வரைந்தது. குறுகிய பத்தியில் நிறைய சொற்கள் அடங்க வேண்டும், படிக்கவும் தெரிய வேண்டும். அதற்காகவே கட்டையின் மேல் பெரிய முகமாக வெட்டினார்கள். ஆக, சிக்கனத்துக்கென்றே பிறந்த எழுத்தைத்தான் நாங்கள் ஊதாரி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பாடத்தை நம்ம ஊரிலேயே 300 வருடத்துக்கு முன்னால் படித்திருக்கிறார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்தன. நன்றாகத்தான் இருந்தன, ஆனால் மிகப் பெரியவை. நம் எழுத்துகளோ அகலக்காரர்கள். கொம்பும் காலும் வேறு. பக்கத்துக்கு நாலு வார்த்தை என்று போனால் காகிதம் என்னாவது? காகிதமும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வந்தாக வேண்டும். அதனால் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார்கள். சீமையிலிருந்து சீஸ் அடைத்து வந்த ஈய உறைகளை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். 1714-ல் தொடங்கிய புதிய ஏற்பாடு அடுத்த வருடம் முடிந்தது. பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கவலை மை இல்லை, காகிதம். எது பற்றாக்குறையோ அதை அளந்தார்கள்.

நாங்கள் அப்படி அளக்கவில்லை. ஸ்கிராப் விவகாரத்துக்குப் பிறகு அக்கவுண்ட்ஸில் போய் விசாரித்தேன். எங்கள் லேசர் பிரிண்டர்கள் எல்லாம் வாடகை. டோனரும் சேர்த்துப் பக்கத்துக்கு இத்தனை பைசா என்று ஒப்பந்தம். தாளில் ஒரு புள்ளி அடித்தாலும் முழுக்கக் கறுப்படித்தாலும் ஒரே காசு. என் யோசனையால் கம்பெனிக்கு மிச்சமானது பூஜ்யம், நஷ்டம் 16 பீஸ். அமெரிக்கக் கணக்கிலும் இதே ஓட்டை இருந்தது. அரசாங்க வெளியீடுகளில் பெரும்பகுதி ஆஃப்செட்டில் அடிப்பவை. அதில் மை மலிவு. வீட்டு இங்க்ஜெட்டின் விலையை அங்கே பொருத்த முடியாது. எழுத்துரு வல்லுநர்கள் அளவு வித்தியாசத்தையும் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவன் தராசு எடுத்தான், நான் அதுகூட எடுக்கவில்லை.

எழுத்துக்குள் குட்டிக் குட்டித் துளை போட்டு மை மிச்சம் பிடிக்கும் ஈகோஃபான்ட் என்ற ஒன்றை நெதர்லாந்தில் 2008-ல் செய்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் க்ரீன் பே வளாகத்தில் 2010-ல் மின்னஞ்சலின் எழுத்துருவை ஏரியலிலிருந்து செஞ்சுரி காதிக்குக்கு மாற்றினார்கள், மை 30 சதவீதம் குறையும் என்று. கோடு மெல்லியதுதான். ஆனால் எழுத்து அகலம், ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கமாகிவிடும் அபாயம் உண்டு.

வேலைக்குறிப்புத் தாள்களை நானே இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழையபடி மாற்றினேன். எண்களை மட்டும் 16 பாயிண்டில் போட்டேன். அந்த ஆபரேட்டரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "கண்ணாடி மாத்தோணும்னு நெனச்சுட்டிருந்தனுங்க" என்றார்.

மலர்க்குழு நண்பனுக்கு ஒரு வார்த்தை. போன மலர் வந்தபோது 1970-களில் படித்த சீனியர் ஒருவர் எனக்குப் போன் செய்து, தன் பேட்ச் போட்டோவின் கீழே இருந்த பெயர்களைப் பேத்தியை வைத்துத்தான் படிக்க முடிந்தது என்றார். இதையும் சேர்த்தால் ரெண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது என்று தெரியும். விஸ்கான்சின் பத்தியை வெட்டிக்கொள்ளடா. எழுத்தில் கை வைக்காதே.