ஐந்து கல்வியாண்டுகள்: புதுச்சேரியில் தமிழ்வழிப் பைத்தான்

தமிழ்நாடு அரசு 2019-இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பைத்தான் மொழியை மையமாகக் கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த பதினோராம் வகுப்பு நூல் சி பிளஸ் பிளஸ் மொழியைக் கற்பித்தது. இரண்டுக்கும் தமிழ்வழிப் பதிப்பு உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடநூல்களையே பின்பற்றி வந்ததால், மாறி, மடக்கு, செயற்கூறு என்னும் சொற்களோடு பைத்தான் புதுச்சேரி வகுப்பறைக்கும் வந்தது. பிறகு 2023-24-இல் புதுவை அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறின. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பும் மாறியது. ஆக, அரசுப் பள்ளிகளில் அந்தத் தமிழ் நூலின் ஆயுள் ஐந்து கல்வியாண்டுகள். அது நின்றுபோனதைச் சிறிய நிர்வாக மாற்றமாகக் கடந்துவிட முடியாது. பைத்தானைக் கற்கும் தமிழ் மாணவருக்குத் தடையாக இருப்பது அம்மொழியில் உள்ள ஆங்கிலச் சொற்கள் அல்ல, அச்சொற்கள் ஏன் அப்படி இயங்குகின்றன என்பதைச் சொல்லித்தரும் மொழியே என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டு வரலாறு சான்று தருகிறது.

கைடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமில் எழுதிய பைத்தானின் முதல் பதிப்பு 1991 பிப்ரவரியில் வெளிவந்தது. தமிழுக்கு இடமளித்த யூனிகோட் தரத்தின் முதல் பதிப்பும் அதே ஆண்டில்தான் வந்தது. இவ்விரண்டும் சரியாகச் சந்திக்கப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3-இல் சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள், எல்லாம் யூனிகோட் ஆயின. பெப் 3131 என்ற முன்மொழிவின்படி மாறிகளுக்கு ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் பெயரிடலாம் என்றானது. இன்று 'மதிப்பெண்' என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம். பைத்தான் 3.12-இன் சிறப்புச் சொற்களோ 35 மட்டுமே. இஃப், எல்ஸ், ஃபார், வைல் போன்றவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆனால் 'புதுச்சேரி' என்ற பெயரின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 10 என்கிறது. தமிழ் படித்த எவருக்கும் அதில் பு, து, ச், சே, ரி என ஐந்தே எழுத்துகள். ஐந்து மெய்யுருக்களையும் அவற்றோடு சேரும் உயிர்க்குறிகள், புள்ளி ஆகிய ஐந்தையும் கணினி தனித்தனிக் குறியீடுகளாக எண்ணுகிறது. எழுத்து வேறு, குறியீடு வேறு என்பது கணினியியலின் அடிப்படைப் பாடம். ஆங்கில வரிவடிவம் மட்டும் கொண்டு கற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தமிழ் மாணவருக்கோ தன் ஊரின் பெயரே அந்தப் பாடத்தைத் திறந்துவிடுகிறது. ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகம் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறது. தமிழ்நாட்டு நூலின் எடுத்துக்காட்டுச் சரங்களோ பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள். தமிழில் பேசிய நூல் தமிழையே தரவாகக் கையாளாதது அதன் பெருங்குறை.

சிறப்புச் சொற்களையே தமிழாக்கும் முயற்சியும் நடந்தது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி குறித்த கட்டுரை 2009-இல் வெளிவந்தது. எழிலின் இயக்கி எழுதப்பட்டது பைத்தானில். அதில் 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும், 'நிரல்பாகம்' என்றால் செயற்கூறு. ஆழமான செய்தி அதன் நிபந்தனைத் தொடரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முன்னே நிற்க, 'ஆனால்' அதற்குப் பின்னே வருகிறது, நாம் பேசுவது போலவே. ஆக, சொல்லை மாற்றினால் போதாது, தொடரின் அமைப்பையும் மாற்ற வேண்டும் என்பதை எழில் செயலில் காட்டியது. ஆனால் பரந்த நிரலகங்களும் வேலைவாய்ப்பும் பைத்தானிடமே இருப்பதால், எழிலில் தொடங்கும் மாணவரும் ஒருநாள் தலைகீழான அந்தத் தொடரமைப்புக்கு வந்தே ஆக வேண்டும். அந்த மாற்றத்தைத் தமிழில் எடுத்துச்சொல்ல ஆசிரியரும் நூலும் இருந்தால் தொடக்கத்திலேயே பைத்தானுக்கு வந்துவிடலாம் என்பது என் முடிவு. எழிலின் உழைப்பு இதனால் குறைந்துவிடாது. சிக்கல் எங்கே இருக்கிறது என்று காட்டித் தந்ததே அதுதான்.

தமிழ்க் கலைச்சொற்கள் மூலத்தைவிடக் கடினம் என்பது வழக்கமான மறுப்பு. 'இனக்குழு' என்ற சொல்லைப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. நிரலில் அது குறிக்கும் 'கிளாஸ்' என்ற பொருளுக்கு முன்பாகப் பழங்குடிச் சமூகமே நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு சொல் பொருந்தாததற்காக முழு விளக்கத்தையும் கைவிட வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரை 'சொல்தா' என்றும் நகராட்சிக் கட்டடத்தை 'மேரி' என்றும் சொல்லிவந்த ஊர் இது; அச்சொற்களைச் சுற்றி நின்ற வாக்கியம் முழுக்கத் தமிழ். இதே ஊரின் மிஷன் அச்சகத்தில் 1855-லும் 1862-லும் தமிழ்–பிரெஞ்சு அகராதி இரு தொகுதிகளாக வெளிவந்தது. கடன்சொல்லும் ஆக்கச்சொல்லும் இங்கே அருகருகே வாழ்ந்தன. 'லூப்' என்றாலும் 'மடக்கு' என்றாலும், அது எப்போது நிற்கும் என்பதை மாணவர் தன் சொந்த வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்பதே அளவுகோல்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு ஆண்டுகளும் பைத்தானே, தமிழ்நாட்டில் ஓராண்டுதான். ஆழத்தில் இது முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிழைச்செய்திகளும் ஆவணங்களும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலம் தேவை என்பதும் உண்மை. ஆனால் ஆங்கிலத்தைப் படிக்கக் கற்பதும், புதிய கருத்தை முதன்முதலில் ஆங்கிலத்திலேயே சந்திப்பதும் ஒன்றல்ல. பத்தாண்டுகள் தமிழில் கணக்கு படித்த மாணவர் இரண்டு சுமைகளையும் ஒரே நேரத்தில் தூக்கும்போது, புரியாதது மொழியா நிரலா என்று அவருக்கே தெரியாமல் போகிறது. வேலையும் ஆங்கிலத்துக்குள் முடிந்துவிடுவதில்லை. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றில் பெரும்பகுதி கிரந்த எழுத்தில் உள்ளது. கிரந்தத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2014-இல்தான். இத்தகைய தரவைக் கையாள, எழுத்துக்கும் குறியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் மொழியில் உணர்ந்த நிரலாளர் வேண்டும்.

பள்ளிகள் இந்திய மொழிகளையும் பயிற்றுமொழியாக்கலாம் என்று மத்திய வாரியம் 2023 ஜூலையில் சுற்றறிக்கை விடுத்தது. வினாத்தாள் தமிழில் வராதவரை அதைக்கொண்டு பயிற்றுமொழியை முழுமையாக மாற்றிவிட முடியாது. ஆனால் தமிழில் ஒரு துணைநூல் எழுதுவதற்கு அந்தக் குறை தடையில்லை. தமிழ்நாட்டு நூலில் உள்ள செயற்கூறு, சரம், பட்டியல், அகராதி, சி.எஸ்.வி. கோப்பு, எஸ்.க்யூ.எல். பகுதிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கும் பொருந்தும். அடுக்கு என்னும் தரவமைப்பு, பிழை கையாளல், கணினி வலையமைப்பு ஆகியவற்றைப் புதிதாக எழுத வேண்டும், எஸ்.க்யூ.லைட் இணைப்பு இருந்த இடத்தில் மை.எஸ்.க்யூ.எல். இணைப்பு வர வேண்டும். 2014 செப்டம்பரில் உலகத் தமிழ்க் கணினி அறிஞர்கள் கூடிய தமிழ் இணைய மாநாட்டைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகமே நடத்தியது. அந்த அறிவு இந்த நகரத்திலேயே இருக்கிறது. எழுத வேண்டிய பக்கங்கள் நூறைத் தாண்டாது.